வாசலுக்கு ₹1.13

போன வாரம் அம்மா தறிக்கூடத்துப் பரணை ஒழித்தபோது என்னுடைய பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்து, ஓரம் செல்லரித்துப் போன நோட்டு. 2011 மே மாதம் நான் ஏறி இறங்கிய வாசல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்தில் ஒரு குறி. பெருக்கல் குறி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வட்டம் என்றால் வீட்டில் ஆள் இல்லை. டிக் என்றால் உட்காரவைத்து டெமோ பார்த்தார்கள். டிக்குக்குக் கீழே கோடு இழுத்திருந்தால் புக்கிங். நோட்டு முழுக்கத் தேடினேன். கோடு ஏழு இடத்தில்தான் இருக்கிறது.

அந்த மே மாதத்தில் ஞாயிறு ஐந்து. அதைக் கழித்தால் 26 நாள். ஒரு நாளைக்கு 40 வீடு என்று டார்கெட். 26 நாளில் 1,040 வாசல் மிதித்திருக்கிறேன். அதில் 71 டெமோ, ஏழு புக்கிங். ஏழில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மிச்சம் ஐந்து. ஒன்றுக்கு ₹900 கமிஷன், ஆக ₹4,500. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் தினம் ₹70 என்று 26 நாளைக்கு ₹1,820 போய்விட்டது. டெமோ பெட்டிக்கு டெபாசிட் என்று முதல் நாளே வாங்கிய ₹1,500 கடைசிவரை திரும்பி வரவில்லை. நின்றது ₹1,180.

நாளைக்கு ₹45. வாசலுக்கு ₹1.13.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்திருந்த தினக்கூலி ₹119. ஏரிக்கரையில் மண் வெட்டுகிறவர்களுக்குச் சட்டம் ஒரு தொகை சொல்லியிருந்தது. பி.காம். முடித்துவிட்டு கழுத்தில் டை கட்டிக்கொண்டு கத்திரி வெயிலில் அலைந்த எனக்கு எந்தத் தொகையும் யாரும் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். இன்றைக்கும் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதே மாதிரி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. “வருமானத்துக்கு எல்லையே இல்லை” என்ற வரிகூட மாறவில்லை. மேலே எல்லை இல்லை என்பது சரி. கீழேயும் எல்லை கிடையாது என்பதைத்தான் அந்த நோட்டீஸ் சொல்வதில்லை.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பது. கம்பெனி பெயர் வேண்டாம். வேலூரில் ஒரு மாடியில் ஆபீஸ். மூன்று நாள் ட்ரெய்னிங், அதற்குச் சம்பளம் இல்லை. நான்காம் நாள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான் கம்பெனியின் ஊழியன் இல்லை, சுயதொழில் செய்பவன் என்று அதில் இருந்தது. படித்தபோது பெருமையாக இருந்தது. அப்பா முப்பது வருஷமாக இன்னொருவர் பாவு நூலை இன்னொருவருக்காக நெய்கிறவர். நான் சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்தது இது: காலிங் பெல்லை அடி, இரண்டடி பின்னால் தள்ளி நில், கதவு திறந்ததும் சிரி, முப்பது விநாடிக்குள் அவர்கள் “ஆமாம்” என்று சொல்லுகிற மாதிரி மூன்று கேள்வி கேள். பெரிய ஊர் அடுக்குமாடிகளுக்கு அது சரிப்படலாம். எங்கள் ஊர் ஆரணியில் நெசவுக்காரர் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்குக் காலிங் பெல் கிடையாது. பகலில் கதவே சாத்தமாட்டார்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான் கேட்கும்.

நான் அந்தச் சத்தத்தில் பிறந்தவன். குழித்தறியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறவரை நடுவில் எழுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத பாடம். நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது வாசலில் நின்று “சார்” என்று கூப்பிட்டால், கை நிற்கும், அடி தவறும், தவறின இடம் சேலையில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு முதலாளி கூலியில் பிடிப்பார். அதனால் நான் சத்தம் நிற்கிறவரை திண்ணையில் காத்திருப்பேன். இழை அறுந்தால் நிற்கும். நாடாவில் நூல் சுற்றிய தாரை மாற்ற நிற்கும். பதினோரு மணி டீக்கு நிற்கும். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம், கால் மணி. வேலூரிலிருந்து டீம் லீடர் போன் பண்ணி, “இன்னிக்கு எத்தனை டோர்?” என்பார். பதினாலு என்பேன். “என்ன பண்ணிக்கிட்டிருக்க?” என்பார். அவருக்கு அதை எப்படி விளங்கவைப்பது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. கொசப்பாளையத்தில் இப்படி உட்கார்ந்தே முதல் வாரம் போயிற்று. இரண்டாம் வாரத்திலிருந்து சத்தம் நிற்கக் காத்திருப்பதை விட்டுவிட்டேன். முதல் வாரம் விட்டதையும் சேர்த்து நாற்பது வாசல் கணக்கு வந்துவிட்டது. அடி தவறின சேலை எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்திருந்தது. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். அதனால் தோளில் பையும் கையில் நோட்டுமாக வருகிற என்னைப் பார்த்ததும், “மறுபடியும் கணக்கெடுக்க வந்துகீறியா?” என்று கேட்டு ரேஷன் கார்டைக் கொண்டுவந்து நீட்டிய பாட்டிகள் உண்டு. கார்டை வாங்காமல் டெமோ பெட்டியைத் திறக்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டுமே. ஏமாந்தோம் என்று கோபப்பட்டவர் யாரும் இல்லை. “வெயில்ல வந்துட்ட, குந்து, மோர் தரேன்” என்றுதான் சொல்வார்கள். மோரைக் குடித்துவிட்டு ₹11,990 மெஷினைப் பற்றிப் பேசவேண்டும். ஓட்டு வீட்டுத் திண்ணையில், மூன்று தறி ஓடினாலும் மாதக் கடைசியில் அரிசிக்கடைப் பாக்கி இருக்கிற வீட்டில். பல வீட்டில் மோரைக் குடித்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலேயே எழுந்து வந்திருக்கிறேன். நோட்டில் அந்த வீடுகளுக்கு எந்தக் குறியும் போடவில்லை, எண் மட்டும் இருக்கிறது.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். மனசில் அதிக நாள் கிடந்த விஷயம் இது.

டெமோ பெட்டியில் ஒரு சின்னக் கருவி. அதில் உலோகக் கம்பிகள், கரண்ட்டில் செருகலாம். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் மெஷினில் சுத்திகரித்த தண்ணீர். கம்பிகளை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டால், ஒரு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கொழகொழவென்று சேறு மாதிரி ஏதோ மிதக்கும். எங்கள் டம்ளர் பளிச்சென்று இருக்கும். “இதைத்தாம்மா தினம் குடிக்கிறீங்க” என்று சொல்லவேண்டும். குழந்தை இருக்கிற வீடு என்றால் குழந்தையைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று ட்ரெய்னிங்.

நான் அதை நம்பினேன். முதன்முதலில் பார்த்தபோது எனக்கே வயிற்றைப் பிரட்டியது. எங்கள் தெரு போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால் இன்னும் கெட்டியாக நிறம் மாறும். நம்பித்தான் நாற்பது ஐம்பது வீட்டில் செய்துகாட்டினேன்.

மூன்றாம் வாரம் ஒரு சாயக்காரர் வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பட்டு நூலைச் சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, அதில் இயற்கையாக இருக்கிற பசையை நீக்கினபிறகுதான் சாயம் ஏறும். அப்படிக் கொதித்தால் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். அந்த வேலையிலேயே ஆயுளைக் கழித்தவர். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தே இது சாயத்துக்கு ஆகும், ஆகாது என்று சொல்கிறவர். நான் சுவிட்சைப் போட்டேன். பழுப்பு வந்தது. அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. கம்பியை வெளியே எடுக்கச் சொல்லி, வேட்டி முனையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இரும்பாப்பா?”

“தெரியலீங்க ஐயா.”

“இரும்புதான். கரையுது பாரு. சாயத்துல இரும்பு கலந்தா நிறம் மங்கிடும், எனக்குத் தெரியாதா? தண்ணில இருந்து அழுக்கு வரல. உன் கம்பிலருந்து துரு வருது.”

பிறகு உள்ளே போய் ஒரு சிட்டிகை உப்பு கொண்டுவந்து எங்கள் சுத்தமான டம்ளரில் போட்டார். “இப்ப போடு” என்றார். போட்டேன். எங்கள் தண்ணீரும் பழுப்பாகிவிட்டது.

அவர் சொன்னது அப்படியே உண்மை. பிறகு இயற்பியல் படித்த நண்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாதாரணத் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். சுத்திகரித்த தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. கிருமி இருக்கிறதா, விஷம் இருக்கிறதா என்பதற்கும் அந்தப் பழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல கிணற்றுத் தண்ணீரும் பழுப்பாகும். மெஷின் கெட்ட மெஷின் இல்லை. உப்புத் தண்ணீர் வீட்டுக்கு அது உதவும். ஆனால் அதை விற்கக் காட்டிய பயம் பொய்.

சாயக்காரர் என்னைத் திட்டவில்லை. “நீ தெரிஞ்சு பண்ணல, உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. தெரிஞ்சப்புறம் பண்ணாத” என்றார். அன்று மாலை டீம் லீடரிடம் இதைச் சொன்னேன். அவரும் கமிஷன் ஆள்தான், எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர், வீட்டில் கைக்குழந்தை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கம்பி போடாம நீ எப்படி விப்ப?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. கம்பி இல்லாமல் அதற்கப்புறம் நான் விற்றது ஒன்றே ஒன்று.

மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவன் அந்தக் கம்பியை ஓரமாக வைத்துவிடலாம், விற்பனை குறைந்தால் மேனேஜர் திட்டுவார், அவ்வளவுதான். கமிஷன் மட்டுமே வாங்குகிறவன் கம்பியை ஓரமாக வைத்தால் அன்று பஸ் காசு கைவிட்டுப் போகும். பொய் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தவேண்டியதில்லை. உண்மை சொல்கிறவனுக்குச் சாப்பாடு கிடைக்காத மாதிரி கணக்கைப் போட்டுவைத்தால் போதும். என்னோடு சேர்ந்தவர்கள் பதினோரு பேர். நல்ல பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதைப் படிக்கிற சிலர், “கமிஷனே தப்பு என்கிறாயா?” என்று கேட்கலாம். இல்லை. எங்கள் தெருவிலேயே கமிஷனில் குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஒருவர் எங்கள் தெரு அக்கா. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட். 1972இல் மத்திய அரசு பெண்களுக்கென்றே கொண்டுவந்த சிறுசேமிப்பு முகவர் திட்டம் அது. வீடு வீடாகப் போய் மாதாமாதம் பணம் வாங்கி, அட்டையில் பதிந்து கையெழுத்துப் போட்டு, தபால் ஆபீசில் கட்டுவார்கள். கட்டுகிற தொகையில் 4 சதவீதம் கமிஷன். நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய். கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருஷம், அறுபது தவணை. ஒரு தடவை ஒரு வீட்டை நம்பவைத்தால் அறுபது மாதம் அந்த வாசலில் வேலை உண்டு. அக்கா போனால், “வா, வா, உன்னத்தான் நெனச்சுகினு இருந்தேன்” என்று கூப்பிடுவார்கள். பொய் சொல்லிச் சேர்த்திருந்தால் அடுத்த மாதமே அந்த வாசல் அடைபட்டுவிடும். அவர் உண்மை பேசுவதற்கும் அவர் வருமானத்துக்கும் பகை இல்லாதபடி அந்தக் கமிஷன் அமைந்திருக்கிறது.

எல்.ஐ.சி. ஏஜென்ட்டும் அப்படித்தான். முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, இரண்டாம் மூன்றாம் வருஷம் 7.5, அதற்கப்புறம் 5 என்பதுதான் ரொம்பக் காலம் இருந்த உச்சவரம்பு. முதல் வருஷத்துப் பெரிய தொகைக்கு ஆசைப்பட்டு வேண்டாத பாலிசியைத் தலையில் கட்டிய ஆட்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாலிசி ஓடுகிற வரை ஏஜென்ட்டுக்கும் வந்துகொண்டே இருக்கும். பல வருஷம் வேலை பார்த்த ஏஜென்ட் காலமானால் அந்தப் புதுப்பிப்புக் கமிஷன் வாரிசுக்குப் போகும். எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா, கணவர் போன பின்னும் அந்தக் காசில் பிள்ளையைப் படிக்கவைத்தார். மாதச் சம்பளமே இல்லாத இந்த ஏஜென்ட்டுகளுக்குப் பணிக்கொடைகூட உண்டு. 2023 செப்டம்பரில் அதன் உச்சவரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். கமிஷன் ஆளுக்குப் பணிக்கொடை கொடுக்க முடியும் என்று நம் நாட்டிலேயே, பதின்மூன்று லட்சம் ஏஜென்ட்டுகளுக்கு மேல் இருக்கிற ஒரு நிறுவனமே நிரூபித்திருக்கிறது. முடியாது என்று சொல்கிற கம்பெனிகளிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அப்புறம் என் தாய்மாமா. அவர் கதையைச் சொல்லாமல் இதை எழுதினால் எனக்கே ஆறாது.

மாமா மூட்டை வியாபாரி. ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைவு, விலையும் கொஞ்சம் கைக்கு அடக்கம். நடுத்தர வீட்டுக் கல்யாணங்களுக்கு அதுதான் போகும். மாமா முதலாளியிடம் பத்துப் பன்னிரண்டு சேலை வாங்கி, வெள்ளை வேட்டித் துணியில் மூட்டை கட்டி, வேலூர், காட்பாடி, அரக்கோணம் பக்கம் ரயில்வே குடியிருப்பு, ஆஸ்பத்திரி நர்ஸ் குடியிருப்பு என்று போவார். விற்றால் ஒரு சேலைக்கு இத்தனை என்று பேச்சு. விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவரும் என்னைப் போல வீடு வீடாகப் போனவர்தான், விற்றால்தான் காசு. ஆனால் மூன்று வித்தியாசம் இருந்ததை இப்போது யோசித்தால் தெரிகிறது. முதலாளி பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் முன்னாலேயே கொடுத்துவிடுவார், விற்றாலும் விற்காவிட்டாலும். மூட்டைக்கு டெபாசிட் என்று மாமாவிடம் எதுவும் வாங்கினதில்லை. அடுத்து, மாதத் தவணை வசூலிக்க மாமாவே திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குப் போகவேண்டும். சாயம் போகிற சேலையை நல்லதென்று சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் தவணைக்கு அந்த வீட்டு முகத்தில் எப்படி விழிப்பது?

மூன்றாவதை மாமா என்னிடம் சொன்னது நான் வேலையை விட்ட அன்று. “மொத தடவ போனா மூட்டைய அவுக்காத. தண்ணி கேட்டுக் குடி, ஊர்ல எந்த வீட்ல கல்யாணம்னு கேளு, வந்துடு. ரெண்டாவது தடவ போனா அவுங்களே அவுக்கச் சொல்லுவாங்க.” முதல் தடவை மூட்டையை அவிழ்க்காமல் வருகிற அந்த நடை, மாமாவின் முதலாளி கணக்கில் வேலை. அதற்கும் சேர்த்துத்தான் பஸ் காசு. என் கம்பெனி கணக்கில் அது வேலையே இல்லை.

இந்த இடத்தில் தறியைப் பற்றிச் சொன்னால்தான் நான் நினைப்பது முழுசாகும்.

எங்கள் வீட்டில் ஒரு பாவில் மூன்று சேலை வரும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி, அது அப்பா பெயரில். ஆனால் அப்பா தறியில் இறங்குவதற்கு முன்னால் எத்தனை வேலை! பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை எடுத்துப் பிணைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழை, விரல் நுனி மரத்துப்போகும். ஊடைக்குத் தார் சுற்றவேண்டும், அது பாட்டியும் அம்மாவும் செய்வது. காலையில் எழுந்து பள்ளிக்கூடம் போகும்வரை நானும் அக்காவும் ராட்டையில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் தாருக்கு யாரும் தனியாகக் கூலி கொடுத்ததில்லை. “சேலைக் கூலியிலேயே அடக்கம்” என்பார்கள். ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி, பத்துநாள் தறி நின்றால், பத்துநாளும் வீட்டில் காசு நிற்கும். நெய்யாத நாளுக்குக் கூலி கிடையாது.

நோட்டில் இருக்கிற அந்தப் பெருக்கல் குறிகளும் வட்டங்களும் நாங்கள் சுற்றிய தார்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1,035 வாசல் வேண்டாம் என்றால்தான் ஐந்து வாசல் வேண்டும் என்கிறது. விற்கிற கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும், அவர்களிடம் சராசரிக் கணக்கே இருக்கும். அந்த 1,035 இல்லாமல் ஐந்து இல்லை. ஐந்தின் லாபம் அவர்களுக்குப் போகும்போது, 1,035இன் செருப்புத் தேய்மானம் மட்டும் எப்படி என்னுடையது ஆனது? பாவு பிணைக்காமல் சேலை இல்லை என்று தெரிந்தும் பிணைத்த விரலுக்குக் கூலி இல்லை என்று சொன்ன அதே கணக்கு. நெசவில் இதை எங்கள் பாட்டி காலத்திலிருந்து சகித்துக்கொண்டிருக்கிறோம். நான் தறியை விட்டுத் தப்பித்து வெளியே வந்து, டை கட்டிக்கொண்டு, மறுபடியும் தாரையே சுற்றியிருக்கிறேன்.

தறியிலாவது ஒன்று உண்டு. மூன்று நாள் நெய்து நாலாம் நாள் காய்ச்சலில் படுத்தாலும், நெய்த முழம் தறியில் இருக்கும். அதை யாரும் இல்லை என்று சொல்லமுடியாது. காய்ச்சல் விட்டபின் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். கதவு கதவாக நடந்ததில் மிஞ்சுவது எதுவுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பின்னால் தேடிப் படித்தேன். மனசுக்கு ஆறுதலாக அதிகம் கிடைக்கவில்லை. 1952ஆம் வருஷத்து வருங்கால வைப்புநிதிச் சட்டத்தில் அடிப்படைச் சம்பளம் என்றால் என்ன என்று விளக்கும்போதே கமிஷனை வெளியே தள்ளிவிட்டார்கள். 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் ஊதியம் என்பதிலிருந்து கமிஷனை முதலில் நீக்குகிறது. அப்படி நீக்கியவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியமாகவே கொள்ளவேண்டும் என்று ஒரு நல்ல வரியும் அதில் உண்டு. ஆனால் அந்த வரி ஊழியர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவருக்குத்தான். நான் கையெழுத்துப் போட்ட தாள் என்னை ஊழியனே இல்லை என்று சொன்னது எதற்காக என்று அப்போது புரிந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1938இல் அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, கடைக்கு வெளியே அலைந்து விற்கிறவர்களை அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். இன்றுவரை அந்த விலக்கு இருக்கிறது. வெளியே சுற்றுகிறவன் எத்தனை மணி நேரம் வேலை செய்தான் என்று யாரும் பார்க்கமுடியாது என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இன்றைக்கு ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கிற போன், எந்தத் தெருவில் எத்தனை நிமிஷம் நின்றான் என்று கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காரணம் செத்துப் பல வருஷம் ஆகிறது.

நம் பக்கம் ஒன்றிரண்டு நல்லது நடந்திருக்கிறது. 2016இல் மத்திய அரசு நேரடி விற்பனைக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், விற்பனையாளராகச் சேர்கிறவரிடம் நுழைவுக் கட்டணமோ டெமோ பொருளுக்கான காசோ வாங்கக் கூடாது என்று இருக்கிறது. 2021 டிசம்பர் 28 அன்று வந்த நேரடி விற்பனை விதிகள், அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிக் கேட்காமலும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது என்கின்றன. ஆட்களைக் கொண்டு நேரடியாக விற்கும் நிறுவனங்களுக்கான விதிகள் இவை. அந்த ₹1,500ஐ நினைக்கும்போது, அந்த 2016 நெறிகள் ஐந்தாறு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

இந்த மாதிரிக் கமிஷன் வேலையில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் போனபோது வீட்டில் வேறு வழி இல்லை, உங்களுக்கும் அப்படி இருக்கலாம். சேருமுன் இதைக் கேளுங்கள்: விற்காத நாளுக்கு என்ன? பஸ் காசு யாருடையது? வாடிக்கையாளர் ரத்து செய்தால் என் கமிஷன் என்ன ஆகும், எத்தனை நாள் வரை? டெபாசிட் கேட்டால் ரசீது வாங்குங்கள், கொடுக்க மறுத்தால் படியிறங்கி வந்துவிடுங்கள். அவர்கள் தருகிற தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, நடந்த வாசலை எல்லாம் எழுதுங்கள். “நீ சரியா உழைக்கல” என்று ஒருநாள் சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்று மாதம் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கே இந்த நோட்டை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தால், உழைப்பில் குறையில்லை என்று தெரிந்திருக்கும்.

நேற்று மதியம் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும், இன்டர்நெட் கனெக்ஷன் விற்கிறான். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே கனெக்ஷன் இருக்கிறது என்றேன். சரிண்ணா என்று திரும்பினான். அம்மா உள்ளேயிருந்து, “யாருப்பா அது, குந்தச் சொல்லு” என்றார். உட்கார்ந்தான். மோர் குடித்தான். பெட்ரோல் யார் போடுவது என்று கேட்டேன். “நாமதாண்ணா. சேல்ஸ் ஆனா எடுத்துடலாம்.” இது எத்தனாவது வீடு என்று கேட்டேன். கையில் இருந்த தாளைப் பார்த்து, முப்பத்தொன்று என்றான். போணி ஆயிற்றா என்று கேட்க மனம் வரவில்லை.

எழுந்து எதிர் வீட்டுக்குப் போகப் பார்த்தான். அங்கே இப்போது தறி ஓடுகிறது, கூப்பிட்டால் அவரால் எழுந்து வரமுடியாது, நாலரைக்கு மேல் டீக்கு நிற்கும், அப்போது வா என்றேன். அதற்கடுத்த வீட்டில் பிள்ளை ஆன்லைனில் படிக்கிறான், அங்கே கேட்டுப் பார், மூலை வீட்டில் ஆள் ஊரில் இல்லை, ஏறாதே என்றேன்.

தாளைத் தொடையில் வைத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான்.